வீட்டுக்கு எத்தனை கோழி? எந்த இனம்?



கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் ரோட்டில், வண்டியின் பின்னால் கம்பிக் கூண்டைக் கட்டிக்கொண்டு கோழிக்குஞ்சு விற்று வருகிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடும். விலையும் மலிவு. ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

"என்னங்க, இருவது குஞ்சு வாங்கினு வந்திருக்கீங்க. இத எங்க வுடறது?"

"வளரட்டும்மா. ஆறு மாசம் போனா முட்டை, துட்டு ரெண்டும் வரும்."

இரண்டு வாரத்துக்குள் காக்கை நாலைத் தூக்கியது. பூனை மூன்றைப் பிடித்தது. ஒன்பது கழிச்சல் கண்டு செத்தன. மிச்சம் நாலு. அவை வளர்ந்து, கொண்டை சிவந்து, ஒரு நாள் விடிகாலையில் நாலும் ஒன்றாகக் கூவின. ஆமாம், நாலும் சேவல்!

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முட்டைக்காக வளர்க்கும் பெரும் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மட்டுமே தேவை. குஞ்சு பொரித்த அன்றே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். வேண்டாத ஆண் குஞ்சுகளே பெரும்பாலும் சாயம் பூசிக்கொண்டு நம் தெருவுக்கு வருகின்றன. அவை முட்டையும் இடா. கறிக்கோழி போலச் சதையும் பிடிக்கா. ஆகவே கூண்டுக்காரரிடம் எத்தனை மலிவாகக் கிடைக்கிறது என்பதை வைத்து நம் வீட்டுக் கோழியின் எண்ணிக்கையை முடிவு செய்யக்கூடாது. பின் எதை வைத்து முடிவு செய்வது? அதைத்தான் இந்தப் பிரசுரத்தில் காண்போம்.

பதினான்கு கோழி இருந்தும்

குடும்ப நலத்துக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இதே வட்டாரத்தில் இன்னொரு வீடு. பெயர் வேண்டாம். வாசலில் பதினான்கு நாட்டுப் பெட்டைகள். மாதம் எண்பது முட்டைக்குக் குறையாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவத்துக்கு ஐந்து மாதம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே அது இரத்த சோகை.

"முட்டை சாப்பிடறியாம்மா?" என்று கேட்டதற்கு, "எங்க டாக்டரம்மா, எல்லாம் கடைக்குப் போய்டுது. பையனுக்கு ஸ்கூல்ல குடுக்கறாங்க. அவருக்கு என்னிக்காவது ஒண்ணு. நான் எதுக்கு?" என்றாள்.

அந்த "நான் எதுக்கு" என்ற சொல் நம் கிராமங்களில் எத்தனை வீட்டில் கேட்கிறது! 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை உண்டு. முட்டை மட்டும் தின்று இது தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. முட்டையின் இரும்புச் சத்து உடம்பில் குறைவாகவே ஒட்டும். நர்சு கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வைட்டமின் ஏ-யும் பி-12-ம் இருக்கின்றன. உடம்பு இரத்தம் ஊறுவதற்கு இவையும் வேண்டும். வாசலில் மேய்கிற சத்து, அடுப்படி வரை வந்து, அங்கே நிற்கிறவள் வாய்க்கு வராமல் கடைக்குப் போவது நியாயமா?

எனவே கணக்கைத் தட்டிலிருந்து தொடங்குவோம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 180 முட்டை நல்லது என்கிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவருக்கும் 360. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குச் சத்துணவில் பள்ளி நாட்களில் முட்டை கிடைத்துவிடுகிறது. அவர்களுக்கு லீவு நாட்களுக்கு மட்டும் பார்த்தால் போதும். ஆளுக்கு 75 என்று இரண்டு பேருக்கு 150. ஆக, ஆண்டுக்கு 510 முட்டை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மாமியார், மாமனார் இருந்தால் அதற்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளவும்.

நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். எழுபது என்று கொள்வோம். எட்டுப் பெட்டை இருந்தால் 560. அதில் மூன்று பெட்டையைத் தலா பன்னிரண்டு முட்டை வைத்து அடைக்கு உட்கார வைத்தால் 36 போகும். மிச்சம் 524. கணக்குச் சரியாகிவிட்டது. எட்டுப் பெட்டை, ஒரு சேவல், மொத்தம் ஒன்பது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இதுவே போதும். பதினைந்து, இருபது என்று போவது விற்பனைக்கு. அது வேறு தொழில். அதற்கு வேறு கூண்டு, வேறு தீனி, வேறு உழைப்பு வேண்டும்.

சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டை இடாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. சேவல் இல்லாமலும் இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். சாப்பிடுவதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. வெயில் காலத்தில் அது சீக்கிரம் கெடுவதும் இல்லை. குஞ்சு வேண்டும் என்கிறவர்கள் எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வைத்தால் போதும். இரண்டு வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

எந்த இனம் உங்கள் வீட்டுக்கு?

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பகலில் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கணவனும் மனைவியும் ஷிப்ட் வேலைக்குப் போகிற வீடு ஒரு மாதிரி. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து காக்கை ஓட்டுகிற வீடு வேறு மாதிரி. இனத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

ஆள் இல்லாத வீட்டுக்குச் சிறுவிடைதான் ஏற்றது. தானே மேயும், தானே மரத்தில் ஏறித் தப்பும், தானே அடை காத்து, 21-ம் நாள் குஞ்சு பொரித்து, பருந்தைக் கண்டால் சத்தம் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். முட்டை குறைவு, சிறிது என்பதுதான் குறை. அடைக்கு உட்கார்ந்து குஞ்சுகளோடு திரிகிற இரண்டு மூன்று மாதமும் அது முட்டை இடாது என்பதையும் மறக்கக்கூடாது. குஞ்சுகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துக் கூடையில் வைத்து வளர்த்தால், தாய் சீக்கிரம் மறுபடியும் இடத் தொடங்கும். அதற்கு வீட்டில் ஆள் வேண்டும்.

பெருவிடை, அதாவது அசில், பார்க்கக் கம்பீரமானது. நல்ல விலைக்கும் போகும். ஆனால் ஆண்டுக்கு முப்பது, நாற்பது முட்டைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தட்டுக்கு முட்டை வேண்டும் என்கிற வீட்டுக்கு இது பொருந்தாது. கணவன்மார்களுக்கு இதன் மேல் ஒரு கண் இருப்பது நமக்குத் தெரியும். ஒன்று வளர்க்கட்டும், தவறில்லை. எட்டும் அதுவே என்றால் மனைவி தட்டில் முட்டை இருக்காது.

அடுத்தது, ஆராய்ச்சி நிலையங்கள் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனங்கள். ஐதராபாத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி ஆகியவை இந்த வகை. பார்க்க நாட்டுக்கோழி போலவே நிறம் நிறமாக இருக்கும். இனத்தையும் தீனியையும் பொறுத்து ஆண்டுக்கு 110 முதல் 180 முட்டை வரை கிடைக்கும். 140 என்று கொண்டால் நாலு பெட்டையிலேயே 560 முட்டை வந்துவிடும். இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு இது பெரிய வசதி.

ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு வாங்கவும். இவை பெரும்பாலும் அடை காப்பதில்லை. சில இனங்கள் உடல் கனத்தவை. நாய் துரத்தினால் சிறுவிடை போல எழும்பிப் பறக்க மாட்டா. மூன்றாவது, இவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால், அந்தக் குஞ்சு வளர்ந்து தாயைப் போலவே இடும் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுக் குஞ்சு வாங்க வேண்டி வரும். குஞ்சு எங்கே கிடைக்கும் என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். மாதவரத்தில் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. குஞ்சாக வாங்காமல், நாலு வாரம் வளர்ந்ததாக வாங்கினால் சாவு குறையும்.

வெள்ளை லெகான் வேண்டாம். நாமக்கல் பண்ணைகளில் அது ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுகிறது என்றால், அதற்கு அளந்து போடும் 110 கிராம் கலப்புத் தீனியும் கூண்டும்தான் காரணம். நம் வாசலில் விட்டால் வெள்ளை நிறம் பருந்துக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும்.

கருங்கோழியை மருந்து என்றும், வளர்த்தால் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கவனம் தேவை. மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்து நல்ல இனம்தான் அது. ஆனால் இதே "திரும்ப வாங்குகிறோம்" பேச்சை நம்பி ஈமு வளர்ப்பில் பணம் போட்ட கொங்குப் பக்கத்து விவசாயிகள் 2012-ல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கள் யோசனை கேட்டால், இந்தப் பகுதிக்கு இரண்டும் கலந்து வைப்பது நல்லது. நாலு சிறுவிடை, இரண்டு கிராமப்பிரியா அல்லது நந்தனம். ஆண்டு முழுவதும் முட்டை நிற்காது; குஞ்சுக்கும் தாய் இருக்கும்.

முட்டை ஓட்டின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்பு முட்டையில்தான் சத்து, வெள்ளையில் இல்லை என்பது சரியல்ல. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. நாட்டு முட்டைக்குக் கடையில் கூடுதல் விலை கிடைக்குமானால், அதை விற்றுப் பண்ணை முட்டை வாங்கிச் சாப்பிடுவதில் சத்துக்கு நஷ்டம் இல்லை. ஆனால் வாங்கத்தான் வேண்டும்! விற்ற காசு வேறு செலவில் கரைந்துவிட்டால் பழைய கதைதான்.

எண்ணிக்கை தானாக ஏறும்

அரசே இந்தக் கேள்விக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளவில்லை. 2018-19-ல் ஏழைப் பெண்களுக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்தார்கள். அடுத்து வந்த திட்டத்தில் 25. 2022-23-ல் ஆதரவற்ற பெண்களுக்குப் பாதி மானியத்தில் 40. இவை வருமானத்துக்காக வகுத்த திட்டங்கள். குஞ்சு கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் முற்றத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வளர்த்து விற்று, உங்கள் அளவுக்கு வந்து நிற்கலாம்.

திட்டம் எதுவும் வராவிட்டாலும் கோழி தானாகப் பெருகும். மூன்று பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் முப்பது குஞ்சு வரை பொரிக்கும். பாதி தேறினாலும் பதினைந்து. ஒன்பதாக இருந்தது இருபத்து நாலாகிவிடும். மேய்ச்சலோடு ஒரு கோழிக்கு நாளைக்கு 40 கிராம் நொய், தவிடு என்று போட்டால், ஒன்பதுக்கு மாதம் 11 கிலோ. இருபத்து நாலுக்கு 29 கிலோ. வாசலில் உள்ள புழு பூச்சி மட்டும் அதற்காகப் பெருகாது அல்லவா? பிறகு ரேஷன் அரிசி கோழிக்குப் போகும். இதைப் பல வீடுகளில் கண்ணால் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டு வடாமும் நாற்றங்காலும் இருக்கின்றன. உங்கள் கோழி அங்கே போய்க் கிளறினால் வரும் சண்டைக்குக் கணக்கு எழுதி முடியாது. வயலில் குருணை மருந்து போட்ட நாளில் போனால் கோழியே திரும்பி வராது.

ஆகவே இடத்துக்கு ஓர் உச்ச அளவு வைத்துக்கொள்ளவும். இரவுக் கூண்டில் கோழிக்கு ஒரு சதுர அடி. நாலடிக்கு மூன்றடிக் கூண்டு என்றால் பன்னிரண்டு. பதின்மூன்றாவது கோழிக்கு இடமில்லை, விற்க வேண்டும். எதை விற்பது? சேவல் குஞ்சுகளை முதலில். தை, மாசியில் பொரித்தவை ஆடி மாதம் கூழ் ஊற்றும் சமயத்துக்கு விலைக்குத் தயாராகும். மூன்று வயது தாண்டிய பெட்டைகளை அடுத்து. அவற்றுக்குப் பதில் இரண்டு, மூன்று விடைக்கோழியை நிறுத்திக்கொள்ளவும். ஐப்பசி, கார்த்திகையில் அடை வைக்கவே வேண்டாம். ஈரத்தில் குஞ்சு தங்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையைப் பார்த்தவர்களுக்குக் கூண்டைத் தரையில் வைக்கக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முட்டுக் கொடுத்து இரண்டடி உயர்த்தினால் வெள்ளமும் ஏறாது, கீரியும் எளிதில் நுழையாது.

தீனிக்கு நம் பகுதியில் வசதி உண்டு. செங்குன்றம் அரிசி ஆலைகளின் நொய்யும் தவிடும், பழவேற்காட்டுக் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சலும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. உப்பில்லாத கருவாடாகப் பார்க்கவும். கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் ஓடு கெட்டியாகும். குஞ்சுகளுக்குக் கரையானைப் போல நல்ல தீனி இல்லை. பழைய பானையில் ஈரச் சாணியும் வைக்கோலும் போட்டு, மாலையில் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும்.

தொழிற்பேட்டைப் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்: ஆலைச் சாம்பல், கசடு, பழைய பேட்டரி உடைத்த குப்பை கிடக்கும் இடத்தில் கோழியை மேய விடாதீர்கள். கோழி மண்ணோடு கொத்தித் தின்னும் ஈயம், முட்டையின் மஞ்சள் கருவில் வந்து சேரும். அதைத் தின்னும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அப்படிப்பட்ட இடம் என்றால் வலை கட்டி உள்ளேயே வளர்க்கவும். முடியாவிட்டால் கோழியே வேண்டாம், முட்டையைக் கடையில் வாங்கலாம்.

நோயும் குழந்தையும்

எட்டுக் கோழியை ஒரே வாரத்தில் துடைத்துப் போவது வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய். ராணிக்கெட் என்பது வடக்கே இமயமலைப் பக்கத்து ஊர். நம் ராணிப்பேட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கேதான் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிறுவனம் இருக்கிறது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை கிராமங்களில் இரண்டு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். அன்று காலையில் கூண்டைத் திறக்காமல் வைத்திருங்கள். திறந்துவிட்டுப் பிறகு துரத்தினால் முகாம் முடிந்துவிடும்.

ஒரே நாளில் பல கோழி செத்தால் அவற்றை அறுத்துத் தின்னவோ, ஏரியில் வீசவோ கூடாது. கால்நடை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். 1962 எண்ணிலும் கேட்கலாம். 2024 பிப்ரவரியில் எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். ஜி.என்.டி. ரோடு நம் ஊர் வழியாகத்தான் போகிறது.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு கவனம் தேவை. இரவில் கட்டிலுக்கடியில் கோழியைக் கூடை போட்டு மூடுகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. கோழி எச்சம் பட்ட தரையில் தவழ்ந்து, அந்தக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும். தின்ற முட்டையின் சத்தும் உடம்பில் தங்காது. கூண்டு வீட்டுக்கு வெளியே, அடுப்படியை விட்டுத் தள்ளி இருக்கட்டும். முட்டை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும். பச்சை முட்டை குடிப்பதால் பலம் வரும் என்பதை நம்ப வேண்டாம். நன்றாக வேகவைத்தே கொடுக்கவும்.

யார் வேலை?

மேலே சொன்ன பதினான்கு கோழி வீட்டுக்கு மறுபடி வருவோம். நர்சு கணவனையும் உட்கார வைத்துப் பேசினார்.

"கோழி யார் பாக்கறது?"

"அவதான்."

"முட்டைக் காசு?"

"வீட்டுச் செலவுக்கு…"

"காலையில கூண்டு தொறக்கறது?"

"அதுவும் அவதாங்க. எனக்கு அஞ்சரைக்கு கம்பெனி வண்டி வந்துடும்."

கடைசியில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆறு பெட்டையை விற்று எட்டாகக் குறைத்தார்கள். அந்தப் பணத்தில் இரும்புக் கம்பி வலை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கணவனே கூண்டை உயர்த்திக் கட்டினான். முதல் ஷிப்ட் வாரத்தில் அவள் திறப்பது, இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவன் திறந்து, பெருக்கி, தண்ணீர் வைப்பது என்று ஏற்பாடு. எடுக்கிற முட்டையில் பென்சிலால் தேதி போட்டு அடுக்குகிறார்கள். வாரத்துக்கு நாலு முட்டையில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டிருக்கும். அது கடைக்குப் போகக்கூடாத முட்டை. சுழி போடுவது கணவன். பையனும் இப்போது கண்டுபிடித்துவிட்டான். "இது அம்மா முட்டை" என்று தனியாக எடுத்து வைக்கிறானாம்.